பதின்மூன்றாவதுக்கு மாசம் இல்லை

கட்டிலில் பழைய வேட்டி விரித்து
லென்சுகளை நிறுத்தி வைத்திருக்கிறேன்.
மணி பதினொன்று.
விடிகாலை நாலரைக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்.

பை ஒன்று, முதுகும் ஒன்றுதான்.
ஐந்து கிலோவைத் தாண்டினால்
மாசி முகூர்த்தத்தில் பிடித்த இடுப்பு
மறுபடி பிடிக்கும்.

எழுபது-இருநூறு எனக்குச் சோறு போடுவது.
மண்டபத்தின் கடைசி நாற்காலியிலிருந்து
மணப்பெண்ணின் மூக்குத்தியோரம் வேர்ப்பதை
எடுத்திருக்கிறேன் இதில்.
இதை மாட்டினால் யானைமலை
நாலு வயல் தாண்டி வந்து கிட்டத்தில் படுக்கும்,
முதுகில் நிலாவை ஏற்றிக்கொள்ளும்.
பக்கத்தில் இருக்கிற எதுவும் வராது.
பக்கத்தில் என்ன இருக்கிறதென்று
ஒத்தக்கடை பஸ்ஸில் தினம் போகிறவர்களைக் கேளுங்கள்.

பதினாறு-முப்பத்தைந்து வாடகை.
நாளைக்கு அறுநூறு, ஈடு ஆதார் அட்டை.
"கண்ணாடிய விரலால தொட்டுராதக்கா"
காஜா மைதீன் மூன்று தடவை சொன்னான்.
வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் விழுங்கும் இது:
வானம், கண்மாய், கருவேலம், செல்போன் டவர்,
பிளாட் கல்லில் கட்டிய சிவப்புத் துணி,
கவனிக்காவிட்டால் என் செருப்பு நுனி.
யானை மட்டும் பூனையாகிவிடும்.

ரைஸ்மில் காலண்டருக்குப் பன்னிரண்டு மலை வேண்டும்.
தெய்வநாயகம் அண்ணாச்சி தெளிவாகச் சொல்லிவிட்டார்:
"வெட்டுன பக்கம் வேணாம்மா.
வீட்ல மாட்டுறது, பச்சையா இருக்கட்டும்."

மேலூர் தாண்டி ஒரு மலை, போன வாரம் பார்த்து வந்தேன்.
வடக்கே நின்றால் முழு மலை.
தெற்கே நின்றால்
பிறந்தநாள் கேக்கை வெட்டின மாதிரி நேர்க்கோடு,
கீழே குழி, குழியில் பச்சைத் தண்ணீர்,
தண்ணீரில் தலைகீழாக மலை,
அதுவும் பாதிதான்.
அண்ணாச்சி கேட்ட பச்சை அங்கேதான் நிறைய இருந்தது.

எழுபது-இருநூறுக்கு
எங்கே நின்றாலும் வடக்குதான்.

ஐம்பதைச் சேர்க்கவில்லை, பூஞ்சை.
டப்பாவில் அரிசி போட்டு மூடியிருக்கிறேன்,
அண்ணாச்சி மில் அரிசி.

முன்பணம் வாங்கி
மகள் பள்ளிக்கூடத்தில் கட்டியாகிவிட்டது.
எழுபது-இருநூறு முதலில் உள்ளே போனது.
துண்டு, மழைக்குப் பிளாஸ்டிக் உறை,
பேட்டரி இரண்டு, தண்ணீர் பாட்டில்.
ஜிப்பை மூடினேன், திறந்தேன்.

பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைக்கிறேன்.
தண்ணீரை மேலூரில் வாங்கிக்கொள்ளலாம்.
அது இருந்த பள்ளத்தில்
பதினாறு-முப்பத்தைந்து
அளவெடுத்துத் தைத்தது போல் இறங்குகிறது.

தூக்கிப் பார்க்கிறேன்.
இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை, இப்போதைக்கு.

அலாரம் மூன்றே முக்காலுக்கு.