கூட்டாமல் குறைக்காமல்

பிளாக்டவுனில் மார்கழி என்றால் வெயில்.
நள்ளிரவிலும் முப்பது பாகை.
யதுர்ஷனின் உடம்பு நாற்பத்தொன்று தசம் எட்டு.

அக்குளில், தொடையிடுக்கில் ஐஸ் பொதிகள்.
மூத்திரப் பை
ஆறிப்போன பிளேன்ரீயின் நிறத்தில்.

மொழிபெயர்க்க வருபவளுக்கு ஒரு விதி:
கூட்டாதே, குறைக்காதே,
பேசுகிறவர் "நான்" என்றால் நீயும் "நான்".

"நான்தான் இவரைப் பார்க்கிற டொக்டர்" என்றேன்.
"தசை உடைஞ்சு இரத்தத்தில கலக்குது.
சிறுநீரகம் இண்டைக்கு வேலை செய்யேல்லை."

பேக்கரிச் சீருடையோடு வந்த தாய் கேட்டா:
"என்ன மருந்து குடிச்சவன்?"

மருந்து.
காய்ச்சலுக்கும் அதுதான்
வெடிக்கும் அதுதான் எங்கள் மொழியில்.

"தெரியாது" என்றேன், டொக்டராக.
"போன மாசம் வந்தது வேற, இது வேற.
எங்கட சோதனை பேர் கண்டுபிடிக்க முதல்
செய்யிறவங்கள் மாத்திப்போடுவாங்கள்."

கதவடியில் ஒரு பெடியன், ஜெய்டன்.
மணிக்கட்டில் இசைவிழாக் காகித வளையம்,
கன்னத்தில் இன்னும் மினுக்கம்.
ரிஷ்யூவில் சுற்றிய அரை மாத்திரையை நீட்டினான்.
நீலம். அதில் பாதிச் சிரிப்பு.

அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னதை
நான் தாயைப் பார்த்துச் சொன்னேன்:

"நான்தான் குடுத்தனான்.
நானும் மற்றப் பாதியைப் போட்டனான்.
எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

அவ அவன் பக்கம் திரும்பவே இல்லை.
என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.

படிவத்தில்
மொழி: தமிழ்.
நேரம்: நாற்பது நிமிடம்.