நாள் குறித்தவள்

ஒஹாயோவிலிருந்து ஒரு பல் மருத்துவர்
மணிக்கணக்கில் கூலி பேசி எழுதியிருந்தார்.
பார்படோஸில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த தன் மூதாதை
ஆம்புரோஸ் டிரெட்விக் இறந்த தேதி வேண்டும்,
பித்தளைத் தகட்டில் பொறிக்க.

கோயில் பதிவேட்டைப் புயல் கொண்டுபோய்விட்டது.
மிச்சம் உயில்கள், வழக்குகள்.
பென்சில் மட்டும் அனுமதி.
மின்விசிறிக்குத் தாள் பறக்கும் என்று
கண்ணாடிக் குண்டுகளை வைத்துவிட்டுப் போனாள்
காப்பகத்துப் பெண்.

இறகு மெத்தை, செப்புக் கொப்பரை மூன்று,
காற்றாலை, அதன் பாய்கள்: மூத்தவன் ஜோசயாவுக்கு.
மகள் டெம்பரன்ஸுக்கு ஒரு ஷில்லிங்,
காரணம் அவளே அறிவாள்.
இளையவன் கிடியனுக்கு மிம்பா என்னும் அடிமைப் பெண்.
நான் சாகுமுன் அவள் ஈன்றவை ஜோசயாவுக்கு,
செத்தபின் ஈன்றவை கிடியனுக்கு.

ஈன்றவை.
அஃறிணைப் பன்மை.
அடுத்த வரியில் பசுக்களுக்கும் அதே சொல்.

அவர் செத்த இரவும் அவள் பெற்ற இரவும்
ஒரே இரவாகிப் போனது.
1741 அக்டோபர், வெள்ளி முடிந்து சனி தொடங்கும் நேரம்.
அண்ணனும் தம்பியும் ஏழு வருஷம் வழக்காடினார்கள்.
வழக்குப் பொருள் அதற்குள் தவழ்ந்து, நடந்து,
ஆலையடியில் சக்கை பொறுக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

வைத்தியர் சொன்னது:
பன்னிரண்டு அடித்து ஓய்கையில் மூச்சு நின்றது,
என் கடிகாரம் லண்டனில் வாங்கியது.

பீப்பாய் செய்யும் ஒபதையா பெல் சொன்னது:
மணி அடிக்குமுன்பே குடிசைப் பக்கம்
பிள்ளை அழுத சத்தம் கேட்டேன்.
குறுக்கு விசாரணையில்:
பூனையாகவும் இருக்கலாம்.

மிம்பா சொன்னது இல்லை.
அடிமையின் வாய்ச்சொல் வெள்ளையர் வழக்கில் செல்லாது.

கங்காணி மெக்ராத் சொன்னது:
இந்தச் சனங்கள் பிறந்த கிழமையையே பெயராக வைப்பார்கள்.
வெள்ளி என்றால் கஃபி, சனி என்றால் குவாமினா.
இதை அவள் குவாமினா என்றுதான் கூப்பிடுகிறாள்.

தீர்ப்பு இருந்த தாளைக் கரையான் தின்றிருந்தது.
இன்னும் நாலு கட்டு அவிழ்த்தேன்.
1763, கிடியன் டிரெட்விக் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல்:
மிம்பா, கிழவி, மதிப்பில்லை, குவாமினா, அவள் மகன்,
பாகு காய்ச்சுபவன், எண்பது பவுன்.
ஒரே வரி.
தாய்க்கும் மகனுக்கும் நடுவே
விலையொன்று, இரண்டு காற்புள்ளி.

சனிப்பிணம் தனிப்போகாதாம்.
இது போயிருக்கிறது.

எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன்.
உயில் படித்தது ஐந்தாம் நாள், தேதி இருக்கிறது.
அவர்கள் வழக்கப்படி பிள்ளைக்குப் பெயர் வைப்பது எட்டாம் நாள்.
உரக்கப் படித்த அந்தக் கூடத்தில்
தட்டு எடுக்க யாராவது நின்றிருப்பார்கள்.
மூன்று நாள் போதும்,
ஒரு வாக்கியம் சமையற்கட்டு தாண்டிக்
குடிசைக்கு வந்து சேர.

ஒபதையா பெல், நீர் கேட்டது பூனை இல்லை.

அல்லது பூனைதான். உண்மையிலேயே சனிக்கிழமைதான்.
எனக்கு எப்படித் தெரியும்?
தெரிந்த ஒருத்தியை யாரும் கேட்கவில்லை.
அவளும், கேட்காத சபையில்,
தினமும் அவனைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவருக்கு எழுதினேன்:
17 அக்டோபர் 1741.
ஆதாரம்: மிம்பாவின் மகன் குறித்த வழக்கு.
அந்தப் பிள்ளை பிறந்திராவிட்டால்
உங்கள் முன்னோர் செத்த நேரத்தை
ஒருவரும் குறித்திருக்க மாட்டார்கள்.

நன்றி, தகட்டில் இடம் குறைவு, தேதி மட்டும் போதும்
என்று பதில் வந்தது.

பதினொரு மணி நேரத்துக்குக் கணக்கு அனுப்பினேன்.
பன்னிரண்டாவதற்கு
அவரிடம் காசு வாங்க மனமில்லை.