பொட்டலத்தில் உள்ளது

பாலிக் புலாவ் தபால் நிலையத்தில்
எனக்கு முன்னால் நான்கு பேர்.
மின்விசிறி இடப்பக்கம் மட்டும் திரும்புகிறது.
கையில் அரைக் கிலோ
சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்ச் சீவல்,
காலையில் ஆ லியன் கடையில் வாங்கியது.
மூடியில் கேட்டு எழுதிக்கொண்டேன்:
பறித்தவர் ரம்லி. ஊறவைத்தவர் ஆ லியன்.
போக வேண்டிய ஊரின் பெயர்
இன்னும் என் வாயில் சரியாக வரவில்லை.
தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை எடுப்பதுபோல்
சொல்ல வேண்டுமாம். முகுந்தன் சொன்னான்.

முகுந்தன் என் மகன். அங்கே ஆட்டு வைத்தியன்.
சின்ன வயதில் ஜாலான் ஸ்காட்லாந்தைத் தாண்டித்தான்
பள்ளிக்குப் போவான்.
அந்தப் பலகைதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது
என்பாள் அவன் அம்மா.
அவளுக்கு முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.
நான் மட்டும் போய் வந்தேன்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில்
முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான்.
எதைப் பார்த்தாலும்
என்ன எடை, யார் தூக்கினார்கள்
என்றுதான் புத்தி போகும்.
அந்த ஊரோ முழுக்கக் கல்.
சந்தை நடுவில் கல்தூண்,
ஆற்றின்மேல் மூன்று கண் பாலம்,
ஊருக்கு வெளியே மேடேறிப் பள்ளமிறங்கி
சுண்ணாம்பே இல்லாமல் அடுக்கிய கல்வேலி,
வேலிக்குள்
முதுகில் நீலச் சாயம் பூசிய ஆடுகள்.
ஜூன் மாதம். இரவு பத்தரைக்கும் வெளிச்சம்.
தூக்கம் வராமல் வேலியோரம் நடந்தபோது
பின்னால் யாரோ இருமினார்கள்.
மன்னிக்கணும் என்று வழிவிட்டுத் திரும்பினால்,
ஆடு.

மூன்றாம் நாள் மழை.
அருங்காட்சியகத்தில் ஒதுங்கினேன்.
முன்பு சிறைச்சாலையாம். இரண்டே அறை.
கண்ணாடிப் பேழைக்குள்
கட்டைவிரல் அளவில் வெள்ளித் துருவி,
பக்கத்தில் சுருங்கிய ஒரு கொட்டை.
'பினாங்கு' என்று எழுதியிருந்தது.
அவ்வளவுதான்.
சுவரில் துருவியின் சொந்தக்காரர்,
சிவந்த கன்னம், குதிரை, நாய்.
நாய்க்குக்கூடப் பெயர் போட்டிருந்தார்கள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
சட்டைப் பையில் சின்ன டப்பா இருந்தது,
விமானத்தில் குமட்டாமல் இருக்க
மனைவி கொடுத்தனுப்பியது.
திறந்தேன்.
காவலுக்கு உட்கார்ந்திருந்த எல்ஸ்பெத் அம்மாள்
இங்கே சாப்பிடக் கூடாது என்று எழுந்து வந்தார்.
பாதி வழியில் மணம் அவரை நிறுத்திவிட்டது.
என்ன அது?
நான் பேழையைக் காட்டினேன்.
அதன் சதை.
அதற்குச் சதை உண்டா, என்றார்.

கொட்டை மட்டுமே கப்பலேறி வந்த ஊர்.
பாலில் துருவி, பணியாரத்தில் துருவி,
துருவத் துருவ வீடு எழும்பி,
வாசலில் கல்சிங்கம் உட்கார்ந்த ஊர்.
பழத்தை யாரும் கேட்கவில்லை.
அது எங்கள் பக்கமே நின்றுபோனது,
உப்பில் கிடந்தது, வெயிலில் கிடந்தது,
மிச்சம்தானே என்று
நாங்கள் அதை ருசியாக்கிக்கொண்டோம்.

எல்ஸ்பெத் ஒரு துண்டு எடுத்தார்.
கண்ணை மூடினார்.
கொஞ்ச நேரம் கழித்துப் போய்
வாசல் பலகையை 'மூடியுள்ளது' என்று திருப்பிவிட்டு
வந்து உட்கார்ந்து
இன்னொரு துண்டு கேட்டார்.
மழை விடும்வரை டப்பா எங்கள் நடுவில் இருந்தது.
அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை.
நான் பேசியதில் பாதி
அவருக்குப் புரிந்திருக்காது.

என் முறை வந்துவிட்டது.
ஹஸ்னா என்று பெயர் குத்திய பெண்
தராசில் வைக்கிறாள்.
டப்பாவோடு ஐந்நூற்று நாற்பது கிராம்.
என் கை வழியாகக் கடல் தாண்டியதில்
இவ்வளவு இலேசான சரக்கு வேறில்லை.
உள்ளே என்ன, பாக்சிக்?
பூவா பாலா.
மதிப்பு?
பதினெட்டு ரிங்கிட் என்று எழுதுகிறேன்.
விற்பனையா, அன்பளிப்பா?

பேனா நின்றுவிட்டது.
இரண்டு கட்டம், இரண்டும் ஒரே அளவு.
பின்னால் நின்றவர் இருமுகிறார்.
ஆடேதான்.
மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு
இரண்டாவதில் டிக் போடுகிறேன்.