விண்ணப்ப எண் 217

ஃபாரம் இருபது ரூபாய்.
கேட் திறப்பது ஒன்பதுக்கு. நான் போனது நாலே முக்காலுக்கு.
எனக்கு முன்னால் ஒரு செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு செங்கல்:
மூன்று தாய்மார்கள் இடம் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போயிருந்தார்கள்.
அந்தச் செருப்பின் தையலைக் குனிந்து பார்த்தேன்.
எங்கள் கம்பெனித் தையல் இல்லை.

பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியே போதும் என்றார் இவர்.
நடந்தால் ஆறு நிமிஷம், பைசா செலவில்லை.
மெட்ரிகுலேஷன் என்றான் இவர் தம்பி.
டை கட்டுவது பிள்ளை,
கழுத்து இறுகுவது எங்களுக்கு.
நான் கன்னியர் பள்ளி என்றேன்.
ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை.
காட்பாடி வெயிலில் அந்தச் சுவர் ஓரம் மட்டும்
நிழல் இருக்கும். அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சாமியார் கடிதம் வேண்டும்.
உபதேசியார் நோட்டைப் புரட்டினார்.
சந்தா பதினாலு மாசம் பாக்கி.
அன்பியத்துக்கு வந்தது மூன்றே முறை,
அதில் ஒன்று பாயசத்துக்கு.
"ஷிஃப்ட்டு ஐயா" என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்த்த பணத்தில்தான்
நானூற்று இருபதையும் கட்டினேன்.
பூசைக்கு வராத நாட்களே
கோவில் கடனை அடைத்தன.

வீட்டில் இரண்டு உறை.
ஒன்றில் ஞானஸ்நானச் சான்று: மரிய தெக்ளா.
மூலையில் எண்ணெய்க் கறை.
மற்றதில் தாசில்தார் கையெழுத்து:
தர்ஷினி, இந்து, ஆதிதிராவிடர்.
பதிமூன்று வருஷமாக இரண்டையும்
ஒரே பையில் வைத்ததில்லை.
ஒன்றை ஒன்று பார்த்தால்
ஏதாவது ஒன்று செத்துப்போகும்.
"கிறிஸ்தவம்னு எழுதினா பி.சி. ஆயிடும் அண்ணி,
ஸ்காலர்ஷிப் போயிடும்" என்றான் தம்பி.
"தெருவும் மாறிடுமா?" என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை,
செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பேனா அவள் கையில்.
ஒன்பதாவது கட்டம்: மதம்.
"அத்த வுட்டுட்டு மேல போ" என்றேன்.
பதினாலாவது: இப்பள்ளியைத் தேர்ந்தெடுத்த காரணம்.
"ஒழுக்கம், இறைப்பற்று, நல்ல ரிசல்ட்"
சொல்லச் சொல்ல எழுதினாள்
என்றுதான் நினைத்தேன்.

"ஒம்போது காலியா இருக்கே" என்றார்
கவுன்ட்டரில் சிஸ்டர் ரொசாலியா.
பைக்குள் கை விட்டேன்.
தோலில் மேல்பக்கம் எது, உள்பக்கம் எது என்று
கரண்ட் போனாலும் சொல்லிவிடும் விரல் இது.
அன்றைக்கு இரண்டு உறையும்
ஒரே வழவழப்பு.

சிஸ்டர் அதற்குள் கீழே இறங்கிவிட்டார்.
சத்தமாகவே படித்தார்:
"மாடி ஜன்னலில் ரயில் தெரியும்.
கோ-கோவுக்குத் தனி டீச்சர் இருக்கிறார்.
எங்கள் அம்மாவின் கம்பெனி பஸ்
இந்தப் பக்கம்தான் போகும். கை காட்டலாம்."

பின்னால் நின்ற செங்கல்காரம்மா
மூக்கை உறிஞ்சினாள்.
எனக்கு அவமானமா, வேறெதுவா, தெரியவில்லை.
மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"
"எட்டு பத்து, சிஸ்டர்."
"எங்க பிரேயர் எட்டு இருவது."
முத்திரை விழுந்தது. 217.
ஒன்பதாவது கட்டத்தைச் சுற்றிப்
பென்சிலால் ஒரு வட்டம்.
பென்சில்தான். அழிக்கலாம்.
யார் அழிப்பது, எதை எழுதி என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
பைக்குள் இரண்டு உறையும்
வீடு வரைக்கும் உரசிக்கொண்டே வந்தன.

லிஸ்ட் வெள்ளிக்கிழமை ஒட்டுவார்களாம்.
திங்களிலிருந்து பஸ்ஸில் இடது பக்கம் உட்காருகிறேன்,
வெயில் நேரே மூஞ்சியில் அடித்தாலும்.
மே மாசம். ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன.
கேட்டில் வாட்ச்மேன் மட்டும்
ஸ்டூல் போட்டு.
நேற்று அவருக்கே கை காட்டிவிட்டேன்.