வான் பாய்ந்த இரவு

மார்கழி இருபத்துநாலு, பின்னேரம் நாலு மணி.
விளாத்திமோட்டைக் குளம் வான் பாயத் தொடங்கிற்று.

எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது:
குளம் நிரம்பி அணை மேவினால்
வான் பாயுது.
நாற்பது வருடம் சொல்லியிருக்கிறேன்,
ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஆறு மணிக்குப் பாதர் போன் எடுத்தார்.
மாங்குளத்தால் வந்தவர்
தாம்போதிக்கு அங்கால் நிற்கிறாராம்,
மோட்டார் சைக்கிள் சில்லை மூடித் தண்ணியாம்.
“நடுச்சாமப் பூசைக்கு...” என்றார்.
பிறகு சிக்னல் இல்லை.

கோயில் சாவி என்னிடம்.
பூசை இல்லையென்று சொல்லத்தான் கதவைத் திறந்தேன்.
அதற்குள் சனம் வந்துவிட்டது,
பாட்டுக்கு இல்லை, மேட்டுக்கு.

செபமாலையின் லாண்ட்மாஸ்டரில்
நாலு நெல்மூட்டை, ஒரு தையல் மெசின்,
தறப்பாளுக்குள் றீற்றாவும் கைக்குழந்தையும்.
பின்னால் வைரவர் கோயிலடிக் கனகலிங்கம்,
இரண்டு பசு, ஒரு நாம்பன், ஐந்து ஆடு.
“உள்ளுக்குக் கட்டலாமோ?” என்றார்,
செருப்பைக் கழற்றி மழையில் வைத்துவிட்டு.

காலையில்தான் நிலம் கழுவியிருந்தேன்.
சொல்ல வெட்கம்,
கொஞ்சம் யோசித்தேன்.

சத்திரத்தில் இடமில்லை என்றவனை
நத்தார் நாடகத்தில் வருடாவருடம் ஏசுகிறோம்.
அவனும் நிலம் கழுவியிருப்பான்.

பீடத்துக்கு இடப்பக்கம் குடில்.
சீமெந்தில் வார்த்த மாடு,
காது உடைந்த கழுதை,
மூன்று தரம் வர்ணம் பூசிய சூசையப்பர்.
அதற்கு முன்னால் கனகலிங்கத்தின் மாடு
சாணி போட்டது,
நீளமாய் ஒரு மூச்சு விட்டது.
மெழுகுதிரிகள் சரிந்து நிமிர்ந்தன.

பதினொன்றரை இருக்கும்.
வெள்ளாடு ஒன்று கயிற்றை அறுத்துப் போய்ப்
பாலனுக்குக் கீழே கிடந்த வைக்கோலை
ஒரு தும்பும் விடாமல் தின்றது.
வெறும் பலகையில் கிடந்தார்
கைகளை விரித்தபடி.
அந்தக் கையையும் அது ஒருதரம் நக்கிப் பார்த்தது.

அடிக்க ஓங்கிய தடியோடு நின்றேன்.

தொட்டிக்கும் தொட்டிலுக்கும் ஒரெழுத்துத்தான்.
அந்த எழுத்தை நாங்கள்தான் சேர்த்தோம்,
மின்குமிழ் சுற்றினோம், சரிகை ஒட்டினோம்.
அவள் பிள்ளையை வளர்த்தியதோ
தீவனத் தொட்டியில்,
பசித்த வாய்கள் முட்டிமோதித் தேடும் இடத்தில்.
ஆடு பிழையொன்றும் செய்யவில்லை.
இந்தக் கோயிலில் அதை ஒழுங்காய் வாசித்தது
ஆடு மட்டும்தானோ என்றிருந்தது.

பன்னிரண்டுக்கு நான் மணி அடிக்கவில்லை.
வெளியே தண்ணீர் போகும் சத்தம்,
எது பள்ளம், எது பள்ளம் என்று
கேட்டுக் கேட்டு இறங்குகிற சத்தம்.
மேட்டை அது திரும்பியும் பார்க்கவில்லை.
உயரத்தில் இருந்ததெல்லாம்
எங்கள் ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தது.

செபமாலையின் மூன்று ஏக்கரும் அதற்குக் கீழே.
குடலைப் பருவப் பயிர், கடன்காசு.
கதவடியில் முழங்காலில் இருந்தான்.
செபித்தானோ, ஏசினானோ.
நான் கிட்டப் போகவில்லை.

கடவுள் எங்களோடு என்று பாடுகிறோமே,
எங்களோடு என்றால்
அந்தப் பயிரோடும்தானா?
சேற்றுக்குள்ளேயும்தானா?
சத்தமாய்க் கேட்டுவிட்டேன் போல.

“ஓம், ஓம், ஓம்” என்றாள் றீற்றா,
மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டு.
எனக்குச் சொன்னதில்லை.
ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

தோளில் கிடந்த துவாயை மடித்துப்
பாலனுக்குக் கீழே வைத்தேன்.
என் வியர்வையும் மழையும் நாறும் துவாய்.

விடிய, இடுப்பளவு நனைந்து,
பூசைப் பையைத் தலையில் வைத்தபடி வந்தார் பாதர்.
முதல் அடியே சாணியில்.
“மன்னியுங்கோ பாதர்” என்றேன்.
குனிந்து காலைப் பார்த்தார்,
குடிலைப் பார்த்தார்,
ஒன்றும் பேசவில்லை.

ஆடு இன்னும் தொட்டியடியில் நின்றது,
துவாயின் ஓரத்தை மென்றுகொண்டு.