பெயர்மாற்றம்

உட்துறைமுக வீதி, மேல்மாடி.
இறங்குதுறை அலைமட்டக் கணக்கெல்லாம்
மூன்று பெட்டிகளில், மூன்று நகலாய்.
ஒன்று செத்தால் மற்றதைக் கேட்கலாம்.

உப்புக்காற்று இரண்டாவதின் விசிறியைத் தின்ற அன்று
நஸ்மியா சொன்னாள்:
"இனி மேகத்திலயும் எழுதுவம்."
செத்ததை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்தோம்.
கோட்டை மான் ஒன்று வந்து
அட்டையில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது.

பதினொரு நாள் நிரல்.
வாசிப்பு இணங்கியது, எழுத்தும்.
பெயர்மாற்றத்தில்தான் முட்டியது.

எங்கள் பெட்டிகளில் அது ஒரு கணம்,
வாசல் பலகையை மாற்றுவதுபோல.
உள்ளே ஒரு கதிரைகூட அசையாது.
மேகத்தில் அடைவு என்று ஒன்றுமில்லை.
சாய்கோடு வெறும் எழுத்து,
அறைபோலத் தெரியும், சுவர் கிடையாது.
பெயர் மாற வேண்டுமென்றால்
அத்தனையையும் புதுப்பெயரில் படியெடுத்து
பழையதை அழிக்க வேண்டும்.
நடுவில் கரண்ட் போனால்
எந்தப் பெயரில் தேடினாலும் குறை.

"எங்கட பக்கத்துக்கு இது புதுசா?" என்றாள்,
கிண்ணியா பஸ்ஸுக்குப் பையைத் தூக்கியபடி.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனியே இருந்து
அழிக்கும் வரிக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்:
இரண்டையும் எண்ணு, ஒத்துவராவிட்டால் நில்.

எட்டே முக்காலுக்கு லைட் போனது.
சீனக்குடாப் பக்கம் முழுக்க இருட்டு,
மழை வேறு.

விடியப் பதிவேட்டின் கடைசியில்
இவ்வளவுதான் இருந்தது:
ஒத்துவரவில்லை. எதையும் அழிக்கவில்லை.

நஸ்மியாவுக்கு அதை அப்படியே அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு மான் படம் வந்தது.