ஆயிரத்து ஒன்றாவது வரி

ராணிப்பேட்டை சிப்காட், இரவு பதினொன்றரை.
நாற்பத்து மூன்று லட்சம் தோல்களின் கணக்கு.
மொத்தமாய் அள்ளினால் மெமரி மூச்சடைக்கும்.
சர்வரிலேயே கர்சரை நிறுத்தி
ஆயிரம் ஆயிரமாய் எடுக்கிறோம்,
பாலாற்று மணலில் ஊற்று பறித்துச்
சொம்பால் மொள்வது மாதிரி.

ஆயிரத்து ஒன்றில் விழுகிறது:
அப்படி ஒரு கர்சரே இல்லையாம்.
இப்போதுதானே இருந்தது?

நெட்வொர்க்கைத் திட்டினேன்.
லைப்ரரியின் பதிப்பை மாற்றினேன், திரும்ப மாற்றினேன்.
டில்லிபாபு பேசாமல்
லூப்பைக் கீழிருந்து மேலாகப் படித்தான்.
டீயில் ஆடை படிந்துவிட்டது.

அவன் விரல் நின்ற இடத்தில்
பத்திரமாக இருக்கட்டும் என்று
நானே வைத்த கமிட்.

சொம்பு நிறைந்ததும் ஊற்றை மூடிவிட்டு
மறுபடி குனிந்திருக்கிறேன்.

எழுதுவதற்கு வேறு கனெக்ஷன் போட்டோம்.
இரண்டாயிரம். மூவாயிரம்.
டில்லிபாபு சிரித்திருக்கலாம்.
சிரிக்கவில்லை.